ஒரு சாண் தாழ்ந்த வளையம்

ரயில் என்னை அரியலூரில் இறக்கிவிட்டுத் திருச்சிப் பக்கம் கிளம்பியபோது கிழக்கு லேசாக வெளுத்துக்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்த கையோடு வரும் பனி. ஆட்டோக்காரர் சிமென்ட் ஆலைக் காலனியின் கேட்டிலேயே நிறுத்திக்கொண்டார். உள்ளே போனால் வாட்ச்மேன் வண்டி நம்பரை எழுதச் சொல்லி உட்கார வைத்துவிடுவாராம், அந்த வம்பே வேண்டாம் என்றார். நல்லதாகப் போயிற்று. நடந்து போனதால்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

பந்தை ஒருமுறை தரையில் தட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு வலை உரசும் சத்தம். அதற்குப் பிறகு பந்து தரையில் விழ வேண்டும், அதுதானே நியாயம்? விழவில்லை. மறுபடி ஒரு தட்டு, மறுபடி வலை.

காலனியின் பேஸ்கட்பால் கோர்ட்டைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் நின்று பார்த்தேன். அக்கா.

பழைய டீம் பேண்ட்டுக்கு மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டை. இரண்டு முட்டியிலும் பட்டை. வளையத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, குதிக்காமல், குதிகாலைக்கூடத் தூக்காமல், தோளின் பலத்தில் மட்டும் பந்தை மேலே அனுப்பினாள். அது வலைக்குள் புகுந்து வெளியே வரும் இடத்தில் கை காத்திருந்தது. விழும் பந்தைத் தரைக்கு விடவே இல்லை. விட்டால் குனிய வேண்டும். அவளால் குனிய முடியாது.

போவதற்கு முன் வலக்கையை உயர்த்தி வலையைத் தொட்டு, அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்ற ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்குள் வரும்போது தரையைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அக்காவுக்குச் சின்ன வயசிலிருந்தே வலைதான்.

கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியாக வீட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்தவள், பால் வாங்கப் போயிருந்ததாக அம்மாவிடம் சொன்னாள். கையில் பால் இருந்தது உண்மைதான்.

பேர் வெச்ச குற்றம்

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வாசகர்கள் குறைப்பட்டிருந்தார்கள். நியாயம்தான். நான் ஐந்தடியை எட்டிப்பிடிக்கும் ஆள். என் ஆட்டத்தில் எழுதுவதற்கு அதிகமில்லை. அக்கா லீவில் வந்து காலனி டீமில் ஆடும்போதெல்லாம் என் வேலை ஓடுவது, பந்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுப்பது. கொடுத்த பிறகு நடந்ததைத்தான் ஊர் பார்த்தது.

அக்காவின் பெயர் வளர்மதி. ஆறடிக்கு மேல் மூன்று அங்குலம். நம் வாசகர்களில் பழைய பேஸ்கட்பால் ஆட்கள் இருந்தால் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். சென்னையில் வேலை கொடுத்து ஆட வைக்கும் ஒரு துறையின் அணிக்கு அவள்தான் சென்டர். கிட்டத்தட்ட பத்து வருஷம், இந்த மாநிலத்தில் வளையத்துக்குக் கீழே இருந்த இடம் அவளுடையது. இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தவள்.

அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். உயரத்தை மட்டும் எழுதாதே என்றாள். பாருங்கள், இரண்டு பத்திகூடத் தாண்டவில்லை, எழுதிவிட்டேன். எல்லோரும் இப்படித்தான்.

எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி உயரமில்லை. அப்பா தா.பழூர் பக்கம். அவருடைய அப்பாவரைக்கும் அடுத்தவர் வயலில் இறங்கிய குடும்பம். ஆலையில் மூட்டை கட்டும் பகுதியில் வேலை கிடைத்து, காலனியில் வீடும் கிடைத்தது அப்பாவோடுதான் ஆரம்பம். அக்கா ஆறாவது படிக்கும்போது அம்மாவைத் தாண்டினாள், ஏழாவதில் அப்பாவை. அப்பா அதையே ஒரு ஜோக்காக வைத்திருந்தார். "பேர்ல வளர்னு வெச்சோம். நிறுத்துன்னு ஒண்ணு சேத்து வெச்சிருக்கணும், மறந்துட்டோம்" என்பார்.

பள்ளிக்கூடத்தில் கரண்டு கம்பம் என்றார்கள். சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைப் பார்க்க எல்லோரையும் வேனில் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததிலிருந்து அவள் பெயர் கல்மரம். அந்த மரம் அங்கே வேலிக்குள் தனியாகப் படுத்திருக்கும், எல்லோரும் சுற்றி நின்று எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள். அக்கா அன்றைக்கு ஊர் திரும்பும்வரை யாரோடும் பேசவில்லை என்று ஜெயந்தி சொன்னாள்.

ஜெயந்தி அக்காவின் தோழி. ஒரே ஒரு தோழி. எங்கள் வரிசையில் கடைசி வீடு. மெலிந்த மணிக்கட்டு, நேர் எடுத்த வகிடு. காலனியிலேயே தூரத்திலிருந்து வீசிப் பந்தைப் போடுகிறவள் அவள்தான். பந்து அவள் கையை விட்டதும் அக்கா திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவாள். பார்க்கவேண்டிய அவசியமே இருக்காது.

சிமென்ட் விளையும் ஊர்

இங்கே அந்தக் கோர்ட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். துவைத்த துணியை உதறி மடித்தாலும் வெள்ளைத்தூள் பறக்கும் காலனி. புதுப் பந்து வாங்கி ஒரு வாரம் ஆடினால் ஆரஞ்சு நிறம் போய் விபூதி பூசியதுபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் எதற்குக் குறை இருந்தாலும் சிமென்ட்டுக்குக் குறையில்லை.

வருஷா வருஷம் பொங்கலை ஒட்டிக் காலனி ஆண்டு விழா. அதில் பேஸ்கட்பால் டோர்னமென்ட். அதற்கு முந்தி கோர்ட்டுக்குப் புதுத்தளம் போடுவது வழக்கம். வெயிலில் எங்காவது விரிசல் கோடு விட்டிருக்கும், ஓரம் பொரிந்திருக்கும். வேறு ஊராக இருந்தால் அந்த இடத்தை மட்டும் பூசியிருப்பார்கள். எங்கள் ஊரில் பழையதைக் கொஞ்சம் கொத்திவிட்டு மொத்தக் கோர்ட்டுக்கும் மேலே ஒரு தளம் ஊற்றிவிடுவார்கள். கொத்தனார்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு மட்டக்கோல் இழுப்பார்கள். பிறகு சுற்றி வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். அந்த நாட்களில் எங்கள் கோர்ட் ஒரு குளம். இரண்டு வளையமும் தலைகீழாகத் தண்ணீரில் தொங்கும். நாங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். தண்ணீர் வடிந்ததும் முதலில் யார் கால் வைப்பது என்று சண்டை.

தளம் ஒவ்வொரு தடவையும் அரை விரல் கனம் ஏறும். வளையம் தாங்கும் இரும்புக் கம்பம் எந்தக் காலத்திலோ ஒரு என்ஜினியர் சரியாக அளந்து நட்டது. கம்பம் அப்படியே இருக்கிறது, வளையம் அப்படியே இருக்கிறது. யாருக்கு எதற்குச் சந்தேகம் வரப்போகிறது? தரை மேலே வருகிறது என்று யாரும் நினைக்கவில்லை.

டோர்னமென்ட்டுக்கு வரும் வெளியூர் அணிகள் முதல் ஆட்டத்தில் திணறும். அவர்கள் வீசும் பந்து வளையத்தைத் தாண்டிப் பின்பலகையில் மோதித் திரும்பும். காலனி கிளப் செக்ரட்டரி ராமலிங்கம் சார் மைக்கில், எங்கள் மண்ணுக்கு ஒரு ராசி என்பார். நாங்களும் கைதட்டுவோம்.

பெரம்பலூரில் ஒரு காலைப்பொழுது

அக்கா ஒன்பதாவது முடித்த கோடையில் பெரம்பலூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். அக்காவும் ஜெயந்தியும் போனார்கள். அப்பா கூடப் போனார். நான் அழுது பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். ஜன்னலோர இடத்தில் ஜெயந்தி மடியில்தான் போனேன். தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் வெயிலில் உருகி அவள் காதோரம் வழிந்த வாசம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

அங்கே ஆளுக்குக் கொஞ்சம் பந்து கொடுத்து வீசச் சொன்னார்கள். ஜெயந்தி வீசினாள். வளையத்தின் முன்பக்க இரும்பில் பட்டுத் தெறித்தது. அடுத்தது, அதே இடம். அதற்கடுத்ததும். அவள் தன் கையைப் பார்த்தாள். பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி வீசினாள். ஒன்றும் விழவில்லை.

அக்காவுக்கும் அதேதான் நடந்தது. ஆனால் அவள் வீசியதும் ஓடினாள். முன்பக்கம் பட்டுத் திரும்பும் பந்தைத் தரைக்கு விடாமல் எட்டிப் பிடித்து மறுபடி போட்டாள். அதுவும் தவறினால் மறுபடி. யாரையும் நெருங்க விடவில்லை. விசிலோடு நின்றிருந்த கோச் அம்மா, பந்து போடத் தெரியலை, ஆனால் விட்ட பந்து வெளியே போகவே மாட்டேங்குதே என்று அப்பாவிடம் ஆச்சரியப்பட்டார்.

சாயங்காலம் அக்கா பெயரை வாசித்தார்கள். ஜெயந்தி பெயர் இல்லை.

திரும்பி வரும்போது நான் ஜெயந்தி மடியில் உட்காரவில்லை. அவள் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பார்த்து வந்தார்கள். நடுவில் அப்பா எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார், பிரிக்காமலே கொண்டு வந்தோம்.

காலி இடம்

அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்கள். விடுதி, மாநில அணி, சென்னையில் வேலை, துறை அணியின் சென்டர். அவளை மறிக்க இரண்டு பேரை விடுவார்கள், முக்கியமான ஆட்டத்தில் மூன்று பேரை. முழங்கையால் விலாவில் குத்துவார்கள். அவள் திருப்பிக் குத்த மாட்டாள். பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பும் அந்தக் கணத்தில் அவள் மட்டும் எங்கே வரும் என்று தெரிந்தவள் மாதிரி அங்கே இருப்பாள். "விட்ட பந்து என்னுது" என்பது டீமில் அவள் சொன்ன ஒரே பஞ்ச். அதை அவள் சொன்னதுகூட இல்லை. மற்றவர்கள் சொன்னார்கள், அவள் மறுக்கவில்லை.

இரண்டாம் பாதியில் எதிரணி களைத்துப்போன பிறகு வளையத்துக்குக் கீழே அவளைச் சுற்றி ஒரு காலி இடம் உண்டாகும். யாரும் உள்ளே வர மாட்டார்கள். கேலரியில் இருந்து பார்த்தால் வெளிச்சத்துக்கு நடுவில் தனியாக நிற்பாள். எனக்கு அப்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

ஆட்டம் முடிந்த பிறகும் அந்த இடம் காலியாகவே இருந்தது என்பது எனக்குக் காலேஜ் முடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போய், அவளோடு ஒரே ரூமில் தங்கியபோதுதான் தெரிந்தது. மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள், அவள் வர மாட்டாள். போனால் படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் வரும். எவ்வளவு உயரம் என்று கேட்பார்கள், பெயரைக் கேட்க மாட்டார்கள். பேப்பரில் வந்த குரூப் போட்டோக்களில் பாதியில் அவள் தலை வெட்டுப்பட்டிருக்கும். ரயில் படுக்கையில் கால் நடைபாதைக்கு வந்துவிடும், டீ விற்கிறவர் இடித்துக்கொண்டே போவார். கால் அளவுக்குப் பெண்கள் செருப்பு கிடையாது.

ஒருமுறை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வந்ததிலிருந்து கிளம்பும்வரை நாற்காலியை விட்டு எழவே இல்லை. அவர்கள் போனதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காதான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டே, "பாவம், அவருக்குக் கால் மரத்துப் போயிருக்கும்" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

முட்டிகளில் முதலில் ஒன்று போயிற்று, பிறகு இன்னொன்று. இரண்டு ஆபரேஷன். டாக்டர் இனி குதிக்கக்கூடாது, ஓடக்கூடாது, குத்துக்காலிட்டு உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டார். துறை அவளுக்கு மேசை வேலை கொடுத்தது. கேட்டு வாங்கிக்கொண்டு அரியலூர் ஆபீஸுக்கே வந்துவிட்டாள். அங்கே மேசைக்கு அடியில் அவள் கால் நுழையாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு எழுதுவாள்.

தெரியும்

இந்த வருஷக் கோடையில் எங்கள் காலனியிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்பிள்ளைகள் பெரம்பலூருக்குப் போனார்கள். ஆண்டு விழாவில் எல்லோரையும் தோற்கடித்த அணி. ஒருத்தியைக்கூட எடுக்கவில்லை. சிபாரிசு இல்லாமல் இந்தக் காலத்தில் எதுவும் நடக்காது என்று ராமலிங்கம் சார் கிளப் வாசலில் பொரிந்துகொண்டிருந்தார்.

நான் அப்போது ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவில் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது. போன பிள்ளைகளில் ஒருத்தியிடம் என்னடி ஆச்சு என்று கேட்டேன். எல்லாம் முன்னாடியே அடிச்சுதுக்கா என்றாள்.

ஜெயந்தி வீசிய பந்துகளும் அப்படித்தான் முன்பக்கம் அடித்தன. வேர்க்கடலைப் பொட்டலம் ஞாபகம் வந்தது. எலக்ட்ரீஷியனிடம் ஏணி, கொத்தனாரிடம் டேப். மத்தியான வெயிலில் கம்பத்தில் ஏறி அளந்தேன். வளையம் தரையிலிருந்து பத்தடி இருக்க வேண்டும், உலகம் முழுக்க அதுதான். எங்கள் வளையம் ஒரு சாண் கம்மி. இரண்டு பக்கமும்.

சாயங்காலம் அக்கா ஆபீஸிலிருந்து வந்ததும் மூச்சு வாங்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்" என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். பெரம்பலூர் போன அன்றைக்கே தெரியுமாம். உள்ளே போனதும் வழக்கம்போல எம்பி வலையைத் தொட்டிருக்கிறாள். இங்கே எம்பினால் உள்ளங்கை படும். அங்கே அதே எம்பு, விரல் நுனிதான் பட்டது. நம்ம ரிங்கு அப்பவே நாலு விரல் கொறச்சல் என்றாள். அதனால்தான் பந்து முன்னாடி விழும் என்று தெரிந்து ஓடியிருக்கிறாள். ஜெயந்திக்குச் சொல்ல நேரமில்லை. வரிசையில் முதலில் நின்ற ஜெயந்தி அதற்குள் வீச ஆரம்பித்திருந்தாள்.

முதல் லீவில் ஊருக்கு வந்தபோது ராமலிங்கம் சாரிடம் போய்ச் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டு, இதே வளையத்தில் ஆடித்தானேம்மா நீ செலக்ட் ஆன, உனக்கு என்ன குறை வந்துச்சு என்று கேட்டிருக்கிறார். ஜெயந்தியிடம் போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை. யாரும் நம்பாத ஒன்றை, இடம் கிடைத்தவள் போய், கிடைக்காதவளிடம் ஆறுதலாகச் சொல்வதா? அதற்குள் ஜெயந்தி பந்தைத் தொடுவதை விட்டிருந்தாள். இப்போது மீன்சுருட்டியில் வாழ்க்கைப்பட்டு, கணவரோடு உரக்கடை பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா ஆடிய ஆட்டம் டிவியில் வந்த நாட்களில் கரண்ட் இல்லை என்பாளாம்.

அக்கா பெரிய ஆளாக ஆக, அந்த வளையத்தை யாரும் குறை சொல்ல முடியாமல் போயிற்று. வேலியில் போர்டே வைத்துவிட்டார்கள்: வளர்மதி ஆடிய மைதானம். யார் கேட்டாலும் அதைக் காட்டினால் போதும்.

இனி அவள் வாயைத் திறந்தால்தான் உண்டு. ஆனால் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பனிக்காலத்து விடியலில் நான் பார்த்ததை அவளிடம் சொன்னதில்லை. குதிக்காமல், முட்டியை மடக்காமல் பந்து போட அவளுக்கு இந்த உலகத்தில் இருக்கும் வளையம் அது ஒன்றுதான். எம்பாமல் அவள் கை எட்டும் வலையும் அதுதான்.

அதனால் நைசாக ஒரு யோசனை சொன்னேன். ஒரு பக்கத்தை மட்டும் ஏத்தச் சொல்வோமே, இன்னொரு பக்கம் அப்படியே இருந்துட்டுப் போவட்டும்.

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். எதற்காகச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும்.

"எல்லாப் புள்ளைங்களும் தாழ்ந்த பக்கம்தான் போயி நிக்கும்" என்றாள். "நானே அங்கதான் போயி நிப்பேன்."

திரும்பி வந்தவள்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கமிட்டி கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மிக்சர், டீ. அக்காவுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று அவள் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நான் அளந்த கதையைச் சொன்னேன். ராமலிங்கம் சார் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கோர்ட்டுக்காக வெயிலில் நின்று தளம் ஊற்றியவர். அதனாலேயே அவருக்கு வலித்தது. வளையத்தை ஏற்றினால் சின்னப் பிள்ளைகள் பந்து விழாமல் மனம் விட்டுப்போவார்கள், டோர்னமென்ட்டில் நம் அணி தோற்கும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று அடுக்கினார். கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்த இடத்துக்கு வந்தார்.

"பாப்பா, நீ டேப்பு வெச்சு அளந்த. நான் உங்க அக்காவை வெச்சு அளக்கிறேன். இந்த ரிங்குலதான வந்துச்சு அது?"

சிரிப்பு எழுந்தது. அக்கா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"சார், அன்னைக்கு இங்கேருந்து பெரம்பலூருக்கு ரெண்டு பேரு போனோம்" என்றாள். "திரும்பி வந்தவ பேரு என்னங்க சார்?"

ராமலிங்கம் சார் வாயைத் திறந்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் டீ டம்ளரைப் பார்த்தார். முன்வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்றிருந்த அப்பாவுக்குத் தெரியும், அவர் தலை குனிந்துகொண்டார்.

"எனக்கு ஒசரம் இருந்துச்சு, எட்டி எடுத்துக்கிட்டேன்" என்றாள் அக்கா. "மத்ததுங்க என்ன சார் பண்ணும்? வருஷா வருஷம் வேன்ல அனுப்பறீங்க. ரிங்கை ஏத்துங்க. இனிமே மேல ஊத்தாதீங்க. கோடு விட்டா விட்டுட்டுப் போவுது."

அவ்வளவுதான் பேசினாள். உட்காரவில்லை, உட்கார்ந்தால் மறுபடி எழ வேண்டுமே. வெளியே போய் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று போன் போட்டாள். நான் பின்னால் போனேன், கொஞ்சம் தள்ளி நின்றேன்.

ஜெயந்தியா, நான் வளர்மதி என்றாள். எத்தனை வருஷம் கழித்து என்று தெரியவில்லை. பிறகு ரிங்கை ஏத்தப் போறாங்க என்றாள். தலையை ஆட்டினாள். "இல்லடீ. உன் கையில ஒண்ணுமில்ல. அப்பவே நாலு விரல் கொறச்சல்."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா வெகுநேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கையை இறக்கியபோது, அணைந்திருந்த திரையில் வெள்ளைத்தூள் படிந்திருந்தது. அதைச் சட்டையில் துடைத்தாள். ஜெயந்தி என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

ஆடிக் காற்று

கமிட்டி ஒத்துக்கொண்டது. வெல்டிங்காரர் இரண்டு கம்பத்தையும் அறுத்து நடுவில் ஒரு சாண் குழாய் வைத்து ஒட்டினார். ராமலிங்கம் சார்தான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்தடி வந்ததும் ஒட்டின இடத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பத்துக்குக் கட்டுப் போட்டதுபோல இருக்கும். பிள்ளைகள் வீசிய பந்தெல்லாம் முன்பக்கம் மோதியது. இரண்டு தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். வந்தால் வரட்டும்.

எனக்குப் புது வேலையில் சேர நாள் வந்துவிட்டது. பகல் ரயிலுக்கு டிக்கெட். அன்றைக்கு விடியும்போதே விழிப்பு வந்துவிட்டது. அக்காவின் கட்டில் காலி.

ஆடிக் காற்று சுண்ணாம்புத்தூளைக் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தது. மரத்தடியில் போய் நின்றேன். அவள் கோர்ட்டுக்கு நடுவில் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடந்து போய் அதன் அடியில் நின்றாள். வலக்கையை உயர்த்தினாள்.

எட்டவில்லை. விரல் நுனிக்கும் வலைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. காற்றில் வலை ஆடியது, அவள் பக்கம் வருவதுபோல வந்து விலகியது. அவள் கையை இறக்காமல் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, எதையும் தொடாத அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பந்தை ஒருமுறை தரையில் தட்டினாள். தோளிலிருந்து அனுப்பினாள். முன்பக்க இரும்பில் பட்டுத் தெறித்தது. காலம் முழுக்க அவளுடையதாக இருந்த பந்து. அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள், நின்றுவிட்டாள். பந்து தரையில் விழுந்து, எழுந்து, உருண்டு, கோட்டைத் தாண்டித் திறந்திருந்த வேலிக் கதவு வழியாக என் காலடிக்கு வந்து நின்றது.

அக்கா திரும்பினாள். நான் அங்கே நிற்பேன் என்று தெரிந்தவள் மாதிரிதான் பார்த்தாள்.

"எடுத்துக் குடுடீ" என்றாள்.

ஆயிரம் பந்து அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். விட்ட பந்தை அவள் யாரிடமும் கேட்டதில்லை. குனிந்து எடுத்தேன். நிறையத் தூள் ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.